படுத்துதல் (வினைச்சொல்)

படுத்துதல் என்பது ஒருவரை ஓயாமல் தொல்லை செய்து அலுக்கவும் வருந்தவும் வைப்பதைக் குறிக்கும் தமிழ் வினைச்சொல் ஆகும். "குழந்தை ராத்திரி முழுக்கப் படுத்திவிட்டது", "சும்மா படுத்தாதே", "பல்வலி படுத்துகிறது" என்று வீடுகளில் நாள்தோறும் புழங்குகிறது. எழுத்துத் தமிழில் இதே வினை பெரும்பாலும் வேறொரு சொல்லோடு ஒட்டியே வரும்: கட்டுப்படுத்துதல், வெளிப்படுத்துதல், பலப்படுத்துதல். அங்கெல்லாம் அதற்குத் தொல்லை என்ற பொருளே இல்லை. தனியே நிற்கும்போதுதான் அந்தப் பொருள் வருகிறது.

பேச்சுத் தமிழ் அறிந்த எவருக்கும் இச்சொல் புரியும். ஆயினும் சொல்பவர் எவ்வளவு துன்பத்தைச் சொல்கிறார் என்பதை இந்த ஒரு சொல்லை வைத்து அளக்க முடியாது. பென்சிலைப் பிடுங்கும் தம்பியைப் பற்றி அக்காள் சொல்வதும், அடித்து உதைக்கும் கணவனைப் பற்றி மனைவி சொல்வதும் "படுத்துகிறான்" என்ற ஒரே சொல்லாக இருக்கக்கூடும். என்ன செய்தான் என்பதை இந்த வினை சொல்வதில்லை. எதிரே இருப்பவர் பட்டார் என்பதை மட்டுமே சொல்கிறது. இதற்கான காரணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

சொல்லின் பிறப்பு

இன்றைய தமிழில் 'படு' என்னும் வடிவில் இரண்டு வினைகள் பெருவழக்காக உள்ளன. முதலாவது படுகிறான், பட்டான், படுவான் என்று வரும். மேலே வந்து தாக்குதல், உறுதல், அனுபவித்தல் என்பன இதன் பொருள்கள். கல் பட்டது, கண்ணில் பட்டது, வெட்கப்பட்டான், கஷ்டப்பட்டான் என்பவை எடுத்துக்காட்டுகள். இரண்டாவது படுக்கிறான், படுத்தான், படுப்பான் என்று வரும். உடலைத் தரையிலோ கட்டிலிலோ கிடத்துவது இதன் பொருள்.

தொல்லையைக் குறிக்கும் 'படுத்து', இவற்றுள் முதலாவதன் பிறவினை. நட என்பதிலிருந்து நடத்து, தாழ் என்பதிலிருந்து தாழ்த்து, வீழ் என்பதிலிருந்து வீழ்த்து ஆகியவை பிறந்தது போலவே படு என்பதிலிருந்து படுத்து பிறந்தது. 'படு' என்றால் தான் அனுபவித்தல். 'படுத்து' என்றால் பிறரை அனுபவிக்கச் செய்தல். இது படுத்துகிறான், படுத்தினான், படுத்துவான் என்று காலம் காட்டும்.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இது. "தாத்தா படுத்தார்" என்றால் தாத்தா பாயில் சாய்ந்தார். "தாத்தா படுத்தினார்" என்றால் வீட்டில் இருந்தவர்களுக்கு அன்று நிம்மதி இல்லை. வினையெச்சத்திலும் இதே வேறுபாடு உண்டு. 'படுத்து' என்பது "படுத்துத் தூங்கினான்" என்பதில் வரும் எச்சம். 'படுத்தி' என்பது "படுத்தி எடுத்தான்" என்பதில் வரும் எச்சம். 'படுத்த' என்ற வடிவம் இரண்டுக்கும் பொது. "படுத்த பாய்" என்னும்போது அது கிடத்தலைச் சொல்லும் பெயரெச்சம், "என்னைப் படுத்த வந்தாயா?" என்னும்போது அது தொல்லையைச் சொல்லும் வினையெச்சம். பேச்சில் யாரும் இதில் குழம்புவதில்லை, சூழல் காட்டிக் கொடுத்துவிடும். "வண்டி ரொம்பப் படுத்துகிறது" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் "வண்டி படுத்துவிட்டது" என்று சொல்லும் நாளில், அது தொல்லை கொடுப்பதை நிறுத்தி அடியோடு நின்றுபோய்விட்டது என்று கேட்பவருக்கு உடனே விளங்குகிறது.

ஒருவரைக் கட்டிலில் கிடத்துவதற்கு இன்று 'படுக்க வை' என்றே சொல்கிறோம். "குழந்தையைப் படுத்து" என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே 'படுத்து' என்ற வடிவம் பேச்சில் தொல்லைக்கு மட்டுமே உரியதாகிவிட்டது.

பாடாய்ப் படுத்துதல்

இந்த வினையின் அழுத்தமான வடிவம் 'பாடாய்ப் படுத்துதல்'. பாடு என்பதும் படு என்பதிலிருந்தே வந்தது. கெடு என்பது கேடு ஆவது போலவும், சுடு என்பது சூடு ஆவது போலவும் படு என்பது பாடு ஆகிறது. இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பது பள்ளி இலக்கணம். பாடு என்றால் படுவது, அதாவது அனுபவிக்கும் துன்பம். "அவன் பாடு திண்டாட்டம்", "பாடுபட்டுச் சேர்த்த பணம்" என்பவற்றில் இருப்பதும் இந்தப் பாடுதான். பாட்டுப் பாடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதைவிட ஒரு படி மேலே போவது 'படாத பாடு படுத்துதல்'. மூன்று சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை: படாத என்பது எதிர்மறைப் பெயரெச்சம், பாடு என்பது தொழிற்பெயர், படுத்துதல் என்பது பிறவினை. இதுவரை யாரும் பட்டிராத பாட்டைப் படச் செய்தல் என்று விரித்துச் சொல்லலாம். ஒரு வேரை மூன்று விதமாகத் திரித்து மூன்று சொல் தொடராக்கி, அதைப் படிக்காதவர்களும் பிழையில்லாமல் சொல்வதை வகுப்பறையில் எடுத்துக்காட்டினால், இலக்கணம் கசப்பு என்று நினைக்கும் மாணவர்களும் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

'படுத்தும் பாடு' என்ற தொடரும் பெருவழக்கு. இதில் படுத்துவது மனிதராக இருக்கவேண்டியதில்லை. விதி படுத்தும் பாடு, மனம் படுத்தும் பாடு, வயிறு படுத்தும் பாடு என்றெல்லாம் சொல்கிறோம். 'பணம் படுத்தும் பாடு' (1954), 'காதல் படுத்தும் பாடு' (1966) என்று திரைப்படங்களுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தனித்து நிற்கும்போது ஏன் தொல்லை?

பெயர்ச்சொல்லோடு சேரும்போது படுத்துதல் நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். குணப்படுத்துதல், பெருமைப்படுத்துதல், சுத்தப்படுத்துதல், அமைதிப்படுத்துதல் ஒரு பக்கம். அவமானப்படுத்துதல், காயப்படுத்துதல், புண்படுத்துதல், கொடுமைப்படுத்துதல் இன்னொரு பக்கம். எந்த நிலைக்கு ஆளாக்குகிறோம் என்பதை முன்னால் நிற்கும் சொல் தெரிவிக்கிறது. படுத்துதல் அந்த நிலையை உண்டாக்கும் வேலையை மட்டும் செய்கிறது.

முன்னால் நிற்கும் சொல்லை எடுத்துவிட்டால் பொருள் வெறுமையாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை, துன்பம் என்ற பொருளே அந்த இடத்தில் குடியேறிவிட்டது. தன்வினையிலும் இதே நிலைதான். "பட்டால்தான் தெரியும்", "நான் பட்டது போதும்", "பட்டவனைக் கேட்டுப் பார்" என்னும்போது எதைப் பட்டான் என்று யாரும் கேட்பதில்லை. பட்டது துன்பம் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்பத்தைப் பட்டவன் எவனும் "பட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தமாட்டான்.

இதற்கு இணையான இன்னொரு சொல்லும் தமிழில் இருக்கிறது. 'உறு' என்றாலும் அனுபவித்தல், அடைதல் என்றே பொருள். அதன் பிறவினை 'உறுத்து'. துன்பு என்பதோடு சேர்ந்தால் துன்புறுத்து. வலி என்பதோடு சேர்ந்தால் வலியுறுத்து. அதையும் தனியே விட்டால் கண்ணில் விழுந்த தூசி உறுத்துகிறது, செருப்பில் சிக்கிய கல் உறுத்துகிறது, மனசாட்சி உறுத்துகிறது. உறுத்து என்பதும் படுத்து என்பதும், துணைச்சொல்லை இழந்தபின் நோவையே குறித்து நிற்கின்றன. ஒன்று நடந்தால் கூறிவிட்டுப் போவதைவிட, தம்மீது ஒன்று நடத்தப்பட்டதைச் சொல்லும்போது மக்கள் பெரும்பாலும் துன்பத்தையே நினைக்கிறார்கள் போலும்.

தென்னிந்திய மொழிகளில் இதன் உறவுச்சொற்கள் உண்டு. மலையாளத்தில் தொல்லை செய்வதற்குச் 'சல்யப்பெடுத்துக' என்றும், அச்சுறுத்துவதற்குப் 'பயப்பெடுத்துக' என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் 'துக்கபடிசு', 'சந்தோஷபடிசு' என வரும்.

யார் படுத்துவார், யாரைப் படுத்துவார்

படுத்துபவர் யாராகவும் எதுவாகவும் இருக்கலாம். குழந்தை, முதியவர், மேலதிகாரி, கடன்காரர், கொசு, வெயில், இருமல், ஏழரைச் சனி, அடிக்கடி நின்றுபோகும் மின்சாரம் என்று எதை வேண்டுமானாலும் எழுவாயாக்கலாம். படுத்தப்படுவது மட்டும் உணர்வுள்ள உயிராக இருக்கவேண்டும். "மேசையைப் படுத்துகிறான்" என்று சொல்ல முடியாது. "அந்தத் தையல் இயந்திரத்தைப் பாடாய்ப் படுத்துகிறாள்" என்று ஒருவர் சொன்னால் அங்கே இயந்திரத்துக்கும் ஓர் உயிர் கொடுத்துப் பரிந்து பேசுகிறார் என்று பொருள்.

எழுவாய்க்கு எண்ணம் தேவையில்லை என்பது இந்த வினையின் முக்கியமான இயல்பு. பல்வலிக்கு யாரையும் வருத்தும் நோக்கம் கிடையாது. காய்ச்சல் கண்ட குழந்தை தாயைத் தூங்கவிடாமல் அடிப்பது வேண்டுமென்று செய்வதன்று. இருந்தாலும் இரண்டும் படுத்துகின்றன. வேண்டுமென்றே செய்பவரையும், அறியாமல் செய்பவரையும் இந்தச் சொல் ஒன்றாகவே வைக்கிறது. எதிரில் இருப்பவர் படுகிறாரா என்ற ஒன்றைத்தான் அது பார்க்கிறது.

நீடிப்பும் தேவை. ஓர் அறை அறைந்துவிட்டுப் போனவனைப் "படுத்தினான்" என்று சொல்வதில்லை. விடாமல் அரற்றுவதும், எழுந்திருக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று கேட்பதும், போட்ட சட்டையைக் கழற்றி வேறு சட்டை வேண்டும் என்று அடம்பிடிப்பதும் படுத்துதல். இந்தப் பண்பினால் "ராத்திரி முழுக்க", "ஒரு மாசமாய்", "காலையிலிருந்து" போன்ற காலச் சொற்கள் இதனோடு இயல்பாகச் சேர்கின்றன.

ஏவலில் இதன் எதிர்மறை வடிவமே வழக்கில் உள்ளது. "படுத்தாதே" என்பது நாள்தோறும் காதில் விழும். "படுத்து" என்று யாரும் யாரையும் ஏவுவதில்லை. வெறுத்துப்போய் "படுத்து, நல்லாப் படுத்து" என்று சொல்வது வேறு. தன்மையிலும் அரிதாகவே வரும். "நான் அவனைப் படுத்துகிறேன்" என்று ஒருவர் நேராகச் சொல்லிக்கொள்வது அபூர்வம். பிறர் தம்மைப் பற்றிச் சொல்வதாகத்தான் வரும்: "நான் படுத்துகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்." இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு.

நோய்ப்படுக்கையில்

உடல் தளர்ந்து பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் முதியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே இந்த வினையைச் சொல்வார்கள். நள்ளிரவில் மூன்றாம் முறை தண்ணீர் கேட்டுவிட்டு, "உன்னை ரொம்பப் படுத்துகிறேனோ?" என்பார்கள். கேள்வியாகத்தான் வரும். "அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் தூங்குங்கள்" என்ற பதிலும் ஏறக்குறைய மாறாதது. அதே மகளோ மருமகளோ மறுநாள் அண்டை வீட்டில் "ராத்திரியெல்லாம் ஒரே படுத்தல்" என்று சொல்லவும் கூடும். இரண்டையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. தூக்கம் கெட்டதும் உண்மை, அவரைக் குற்றம் சொல்ல மனம் வராததும் உண்மை. எண்ணத்தைக் குறிக்காத வினையாக இருப்பதால்தான் அந்தச் சொல் அவ்விடத்தில் பழியாக விழுவதில்லை.

இங்கே மேலே கண்ட இரண்டு வினைகளும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பதைக் காணலாம்: "ஆறு மாதம் படுத்த படுக்கையாய்க் கிடந்தார், ஆனால் ஒருநாளும் யாரையும் படுத்தவில்லை." துக்க வீட்டில் இறந்தவரைப் பாராட்டிச் சொல்லும் சொற்களுள் இது உயர்ந்தது. "தானும் படாமல், பிறரையும் படுத்தாமல் போய்ச் சேர்ந்தார்" என்று பெரியவர்கள் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வயதானவர்களின் வேண்டுதலும் இதுவாகவே இருக்கிறது. "யாரையும் படுத்தாமல் போய்விட வேண்டும்" என்று சொல்லாத பாட்டியைப் பார்ப்பது அரிது. அந்த அச்சத்தினாலேயே வலியைச் சொல்லாமல் மறைப்பவர்களும், கழிப்பறைக்கு எழுப்பத் தயங்கித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. சிரித்துக்கொண்டே "நீங்கள் ரொம்பப் படுத்துகிறீர்கள்" என்று விளையாட்டாகச் சொன்னாலும், கேட்பவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார் என்பதற்கு உறுதி இல்லை.

அருகிலுள்ள சொற்கள்

தொல்லையைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைத்துவிட முடியாது.

'சீண்டுதல்' என்பதில் எண்ணம் கட்டாயம் உண்டு. லேசாகத் தொட்டோ ஒரு சொல்லை வீசியோ எதிராளியைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பது சீண்டுதல். தூங்கும் நாயைச் சீண்டுவார்கள். பல்வலி படுத்தும், ஆனால் சீண்டாது. 'நச்சரித்தல்' வாயால் நடப்பது. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது அது. சைக்கிள் வாங்கித் தரச்சொல்லிப் பிள்ளை நச்சரிக்கும். கொடுத்த கடனைக் கேட்டும் நச்சரிப்பார்கள். கேட்ட பொருள் கைக்கு வந்தால் நச்சரிப்பு நின்றுவிடும். படுத்துதல் அப்படி நிற்பதில்லை. சைக்கிள் வந்தபின் அதில் ஏற்றிவிடச் சொல்லிப் படுத்துவான். 'தொணதொணத்தல்' வெறும் பேச்சின் தொல்லை. கேட்பதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் நடக்கும்.

'உயிரை வாங்குதல்', 'பிராணனை எடுத்தல்' ஆகியவை படுத்துதலின் மிகைப்பாடுகள். 'அறுத்தல்' சலிப்பூட்டும் பேச்சுக்கு உரியது. கழுத்தறுத்தல் என்பது சுருங்கி அறுத்தல் ஆகி, அதிலிருந்து 'அறுவை' என்ற பெயரும் கிடைத்தது. நம்ப வைத்து ஏமாற்றுவதையும் கழுத்தறுத்தல் என்றே சொல்வதால், இடம் பார்த்துப் பொருள் கொள்ளவேண்டும். 'கடுப்பேற்றுதல்', 'வெறுப்பேற்றுதல்' ஆகியவை இளைஞர் பேச்சில் மிகுதி. இவற்றில் சினம்தான் விளைவு, அலுப்பு இல்லை. 'இம்சை' என்பது வடமொழியின் ஹிம்சை. கொல்லாமை பேசிய நூல்களில் கனமாக இருந்த இந்தச் சொல், பேச்சு வழக்கில் சின்னத் தொல்லைக்கும் வந்துவிட்டது. 2006இல் வெளியான 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' திரைப்படத்துக்குப் பின் அதைக் கேட்டாலே சிலருக்குச் சிரிப்பு வருகிறது.

இலங்கைத் தமிழில் 'கரைச்சல்' பெருவழக்கு. "கரைச்சல் தராதை" என்றால் தொல்லை தராதே என்று பொருள். யாழ்ப்பாண வழக்கில் 'அரியண்டம்' என்ற சொல்லும் உண்டு. தொல்லையோடு கொஞ்சம் அருவருப்பும் அதில் கலந்திருக்கும். தமிழ்நாட்டுக்குள் சொல் ஒன்றாக இருந்து ஒலிப்பு மாறுகிறது: பொதுவாகப் படுத்துறான், கொங்குப் பகுதியில் படுத்தறான், நெல்லைப் பகுதியில் படுத்துதான்.

தொல்லையும் கொடுமையும்

'துன்புறுத்துதல்', 'கொடுமைப்படுத்துதல்', 'வதைத்தல்' ஆகியவை வேறு வரிசையைச் சேர்ந்தவை. இவற்றுக்குச் செய்தவர் பொறுப்பேற்றாக வேண்டும். பேச்சு வழக்கின் 'படுத்துதல்' இந்த வரிசைக்குள்ளும் வெளியேயும் போய்வந்துகொண்டிருப்பதில்தான் சிக்கல் எழுகிறது.

புதிதாக மணமான பெண் தாய்வீட்டுக்கு வந்து "மாமியார் படுத்துகிறார்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். சாம்பாரில் உப்பு அதிகம் என்று தினமும் குறை சொல்வதாகவும் இருக்கலாம். நகை போதவில்லை என்று சாப்பாடு போடாமல் வைத்திருப்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் சொல்ல அவளுக்குக் கைவசம் உள்ள, வீட்டார் முன்னால் கூசாமல் சொல்லக்கூடிய சொல் அதுதான். "எந்த வீட்டில்தான் படுத்தவில்லை? அனுசரித்துப் போ" என்ற பதில் முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாம் வகைக்கு அந்தப் பதிலைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிய வீடுகளுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். "என்ன செய்கிறார்? எத்தனை நாளாக?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டால் சொல்லுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும்.

சட்டம் இந்த எல்லையைக் கோடு போட்டுக் காட்ட முயன்றிருக்கிறது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கணவரோ அவருடைய உறவினரோ ஒரு பெண்ணுக்குக் கொடுமை இழைப்பதை அது குற்றமாக்கியது. பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய நடத்தையும், உயிருக்கோ உடல் மன நலத்துக்கோ கடும் கேடு விளைவிக்கக்கூடிய நடத்தையும், பணமோ சொத்தோ கேட்டுத் துன்புறுத்துவதும் கொடுமை என்று விளக்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் இவை 85, 86ஆம் பிரிவுகளாக உள்ளன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையை மட்டும் கணக்கில் எடுக்காமல், சொல்லாலும் பொருளாதார வகையிலும் இழைக்கும் வன்கொடுமைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே புகார் எழுதும்போது "பாடாய்ப் படுத்தினார்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த நாள், என்ன சொன்னார், என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என்பவற்றைத் தனித்தனியே எழுதவேண்டும்.

சொல் மென்மையாக இருந்ததால் செயலும் சிறியதாகத் தோன்றிய வேறு இடங்களும் உண்டு. பெண்களைத் தெருவில் துரத்திச் சென்று தொல்லை செய்வது நெடுங்காலம் 'ஈவ் டீசிங்' என்ற பெயரில் கேலியாகவே பேசப்பட்டது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் அத்தகைய தொல்லைக்கு ஆளாகி உயிரிழந்த பின் தமிழ்நாட்டில் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. முதலில் அந்தச் சட்டத்தின் பெயரிலும் அதே கேலிச் சொல் இருந்தது. பின்னர்தான் அது நீக்கப்பட்டு, துன்புறுத்தல் என்று பொருள்படும் சொல் சேர்க்கப்பட்டது. கல்லூரிகளில் புதிய மாணவர்களை மூத்த மாணவர்கள் வதைக்கும் 'ராகிங்' கதையும் இதுவே. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1997இல் தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இதற்கு இலங்கைத் தமிழில் வழங்கும் 'பகடிவதை' என்ற சொல் மிகப் பொருத்தமானது. செய்பவனுக்குப் பகடி, படுபவனுக்கு வதை என்ற இரண்டையும் ஒரே சொல்லில் கொண்டுவந்துவிட்டது.

செய்தித்தாள்களில் இன்றும் வரும் 'பாலியல் சீண்டல்' என்ற தொடரையும் இங்கே குறிப்பிடவேண்டும். சீண்டல் என்பது விளையாட்டும் வம்பும் கலந்த சொல் என்று மேலே கண்டோம். குழந்தைகளுக்கு எதிரான கடும் குற்றங்களையும் அந்தச் சொல்லால் எழுதுவது செயலின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. 'பாலியல் வன்முறை', 'பாலியல் துன்புறுத்தல்' என்று எழுதுவதே சரி.

குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. அவர்களிடம் உள்ள சொற்கள் சில. "அண்ணா படுத்துறான்", "அந்த மாமா தொந்தரவு பண்றார்" என்று, தலைமுடியை இழுத்ததற்கும் வேறு எதற்கும் அவர்கள் ஒரே சொல்லைச் சொல்லக்கூடும். பத்து முறை ஒன்றுமில்லாததற்குச் சொன்ன பிள்ளை பதினோராம் முறை சொல்லும்போதும் என்ன நடந்தது என்று கேட்கத்தான் வேண்டும். மறுபக்கமும் உண்டு. "வகுப்பில் ரொம்பப் படுத்துகிறான்" என்று ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் சொல்வது பிரம்பை எடுப்பதற்கான காரணமாக ஒரு காலத்தில் ஏற்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. ஒழுங்குபடுத்துவதற்காக வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரைப் பற்றி "சார் படுத்துறார்" என்று பிள்ளைகள் வெளியே சொல்வதும் புதிதன்று. சில சமயம் பிள்ளைகள் சொல்வது சரியாகவும் இருந்திருக்கிறது.

எழுதும்போது

பெயரோடு சேர்த்து எழுதும்போது ஒற்று மிகுமா என்பதில் பலருக்கும் ஐயம் வரும். மகர மெய்யில் முடியும் பெயரில் மகரம் கெட்டு ஒற்று மிகும்: துன்பம், துன்பப்படுத்து; காயம், காயப்படுத்து. ஐகாரத்தில் முடிந்தாலும் மிகும்: வேதனைப்படுத்து, நடைமுறைப்படுத்து. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் மிகும்: கட்டுப்படுத்து. மற்றக் குற்றியலுகரங்களுக்குப் பின் மிகாமல் எழுதுவது வழக்கு: வேறுபடுத்து, ஒழுங்குபடுத்து, தொடர்புபடுத்து. புண்படுத்து, பண்படுத்து ஆகியவற்றில் மாற்றமே இல்லை. இவற்றைச் சேர்த்தே எழுதவேண்டும். 'நடைமுறை படுத்து' என்று பிரித்து, ஒற்றும் இல்லாமல் எழுதினால், நடைமுறை என்ற ஒன்று யாரையோ தொல்லை செய்வது போலப் படிக்க நேரும். அலுவலகச் சுற்றறிக்கைகளில் இந்தப் பிழை மிகுதி.

தொல்லைப் பொருளில் வரும்போது பிரித்தே எழுதலாம். ஒற்றை மட்டும் விடக்கூடாது: என்னைப் படுத்தாதே, பாடாய்ப் படுத்தினான், ரொம்பப் படுத்துகிறது.

இலக்கண நூல்களில் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலிப்பு வேறுபாடுகளைச் சொல்லும் இடம் உண்டு. அங்கே படுத்தல் என்பது ஒலியைத் தாழ்த்திச் சொல்வது. நன்னூலைப் புதிதாகப் படிக்கும் மாணவர்கள் அந்தச் சொல்லைக் கண்டு சிரிப்பது வழக்கமானாலும், தொல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை.